பிரேயரில் தினம் ஒரு வரலாற்றுச் செய்தி: புதிதாக ஆரம்பிக்கும் ஆசிரியர்களுக்கு

“டீச்சர், இதையேதான நவம்பர்லயும் சொன்னீங்க?”

நாலாம் வகுப்புப் பையன். பிரேயர் முடியவில்லை, வரிசையில் நின்றபடியே கேட்டுவிட்டான். அன்று ஜூலை 18. போர்டில் ‘இன்று தமிழ்நாடு உருவான நாள்’ என்று எழுதியிருந்தேன். அதற்கு முந்தைய நவம்பர் 1 அன்றும் இதே வரியைத்தான் எழுதியிருந்தேன். போதாக்குறைக்குப் பொங்கல் லீவுக்கு முன்னால் ‘ஜனவரி 14தான் தமிழ்நாடு பிறந்தது’ என்று வேறு சொல்லியிருக்கிறேன். ஒரே மாநிலத்துக்கு மூன்று பிறந்தநாள். மூன்றும் எனக்கு வந்தது ஒரே இடத்திலிருந்து: ஆசிரியர் வாட்ஸாப் குழு ஒன்றில் தினமும் அதிகாலை வந்து விழும் ‘காலை வழிபாட்டுச் செயல்பாடுகள்’ பிடிஎஃப்.

கோவில்பட்டிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்பு, நாற்பதுக்கும் குறைவான பிள்ளைகள். ‘இன்று ஒரு வரலாறு’ போர்டு ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் முழுச் சொதப்பல், இரண்டாவது வருடம் பாதிச் சொதப்பல். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் ‘எப்படிச் செய்யறீங்க டீச்சர்’ என்று கேட்கும்போதெல்லாம் போனில் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன், அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று இது. தன்னார்வலராக மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் வீட்டில் செய்ய நினைக்கும் பெற்றோரும் முதல் படியை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளலாம்.

1. எச்.எம்.மிடம் (தலைமையாசிரியரிடம்) இரண்டு நிமிடம் கேளுங்கள், ஐந்து கேட்காதீர்கள்

தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்தி, நாட்டுப்பண் எல்லாம் சேர்த்து பிரேயர் மொத்தமே பதினைந்து இருபது நிமிடம். வெயிலில் நிற்கிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதற்குள்ளேயே இரண்டு தடவை கீழே உட்கார்ந்து மண்ணில் கோடு போட்டுவிடும். நான் ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் எச்.எம். கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், அவர் மேல் தப்பே இல்லை.

இரண்டு நிமிடம் போதும். வாசிக்க ஒரு நிமிடம், ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். மீதிப் பேச்சு வகுப்பில், சமூக அறிவியல் பாடவேளையில்.

வாய்வார்த்தையாகச் சரி என்று சொன்னாலும், அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் ஒரு வரி பதிவேட்டில் எழுதச் சொல்லிவிடுங்கள். ‘தினமும் வழிபாட்டுக் கூட்டத்தில் வரலாற்றுச் செய்தி வாசிக்கப்படும், பொறுப்பு இன்னார்’, அவ்வளவுதான். எச்.எம். மாறினாலும், வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வந்து ‘இது யார் சொல்லிச் செய்யறீங்க’ என்று கேட்டாலும் அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும். வெளியிலிருந்து வரும் தன்னார்வலர் என்றால் எச்.எம்.மின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கேட்டைத் தாண்டி உள்ளே போகாதீர்கள், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி.

2. 365 குறிப்பு வேண்டாம், 180 போதும்

புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஜனவரி 1இல் தொடங்கி ஒவ்வொரு நாளாக நிரப்பப் பார்ப்பார்கள், மார்ச் வருவதற்குள் நோட்டை மூடிவிடுவார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருடத்துக்கு 200 வேலைநாள். நம் ஊரில் அதைவிடக் கொஞ்சம் கூட வரும், அதில் தேர்வு நாட்களையும் மழை லீவையும் கழித்தால் 180 கையில் நிற்கும். மே மாதத்துக்கு எதுவுமே வேண்டாம். எவரெஸ்ட் ஏறிய 1953 மே 29 மாதிரி அருமையான நாட்கள் அதில் போய்விடும், வருத்தம்தான், என்ன செய்ய.

ஒரு 192 பக்க லாங் சைஸ் நோட்டு. ஒரு நாளுக்கு ஒரு பக்கம், ஜூனிலிருந்து ஏப்ரல் வரை. பக்கத்தில் நான் எழுதுவது: தேதி, செய்தி மூன்று வரி, எங்கே பார்த்தேன் (இரண்டு இடம்), என்ன காட்டலாம், கேட்க ஒரு கேள்வி, யார் வாசித்தார். கடைசி வரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவிட முடியும்.

எப்போது எழுதுவது? மே லீவில் ஜூன், ஜூலைக்கு மட்டும் முடித்துவையுங்கள். அப்புறம் சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் அடுத்த வாரத்து ஐந்து நாள் முடிந்துவிடும். காலை ஏழு மணிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் தேடுகிற வேலை மட்டும் வேண்டாம். நான் செய்த தவறுகளில் பாதி பஸ்ஸில் செய்ததுதான்.

எல்லா நாளும் நிரம்பாது, சில வாரங்களில் ஒன்றுமே கிடைக்காது. அதற்காகவே நோட்டின் கடைசி முப்பது பக்கத்தை ‘தேதி இல்லாத வரலாறு’ என்று ஒதுக்கியிருக்கிறேன். கல்லணை, கீழடிப் பானை ஓடு, ஆதிச்சநல்லூர்த் தாழி, பெரிய கோயில் கல்வெட்டு, எங்கள் ஊர்க் கண்மாய், அப்புறம் 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். காலி நாளில் அதிலிருந்து ஒன்றை எடுப்பேன். நம் வரலாற்றில் பெரும்பகுதிக்குத் தேதியே கிடையாது, அதனால் வெள்ளைக்காரன் வந்தபிறகு நடந்தது மட்டும்தான் வரலாறு என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது பாருங்கள்.

3. பிறந்தநாளைக் குறையுங்கள்

இந்த நாளில் பிறந்தார், இந்த நாளில் மறைந்தார் என்பவைதான் பட்டியல்களில் முக்கால்வாசி. ‘இன்று இன்னார் பிறந்தநாள்’ என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அது கேட்கிற ஒரே கேள்வி, சாக்லேட் உண்டா என்பதுதான். நடந்த ஒரு காரியத்தைச் சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளும்.

அதனால் வாரத்துக்கு ஒரு பிறந்தநாள், அதற்கு மேல் இல்லை என்று வைத்திருக்கிறேன். காமராசரை விடமுடியாது, ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளாகப் பள்ளியிலேயே கொண்டாடுகிறோம். மற்றவர்களுக்கு அவர்கள் செய்த காரியத்தின் தேதியைத் தேடுங்கள். ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22ஐவிட, சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்தபடி 1913 ஜனவரி 16 தேதியிட்டுக் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினாரே, அதுதான் கதை. எங்கள் பிள்ளைகள் அன்று அவரவர் ஒரு கடிதம் எழுதினார்கள். சி.வி. ராமனுக்கு, ராமன் விளைவைக் கண்டுபிடித்த 1928 பிப்ரவரி 28. காந்திக்கு அக்டோபர் 2 எப்படியும் லீவு, அதனால் 1921 செப்டம்பர் 22. மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது, சட்டையும் தொப்பியும் வேண்டாம், முழத்துண்டு போதும் என்று முடிவெடுத்து மாறிய நாள். மதுரை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஊர். ‘அதுக்கு முன்னால காந்தி சட்டை போட்டிருந்தாரா?’ என்று அன்று முழுக்க அதே பேச்சு. ஆனால் அந்த வாரம் காலாண்டுத் தேர்வு வந்து குறுக்கே நிற்கும், தேர்வு அட்டவணையைப் பார்த்து ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகள் வாழ்க்கையில் இப்போதே இருக்கிற ஒன்றின் தொடக்க நாள் கிடைத்தால் விடாதீர்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது 2022 செப்டம்பர் 15. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நேராகப் பிரேயருக்கு வந்து நிற்கிறவர்களிடம் இதைச் சொன்னபோது, ‘அப்ப அதுக்கு முன்னால பிள்ளைக காலையில என்ன சாப்பிட்டாங்க?’ என்று மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு குரல் வந்தது.

4. தேதியைச் சரிபாருங்கள் (இங்கேதான் எல்லாரும் விழுகிறோம்)

இந்தப் படிக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள், மற்றதில் அவசரப்பட்டாலும் பரவாயில்லை.

என் விதி, இரண்டு இடத்தில் பார்க்காமல் போர்டில் ஏறாது. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து எழுதியதாக இருந்தால் அது ஒரு இடம்தான். கண்டுபிடிக்க எளிய வழி, எழுத்துப்பிழை. இரண்டு பிடிஎஃபிலும் ஒரே பெயர் ஒரே மாதிரித் தப்பாக இருந்தால் ஒன்று மற்றதன் நகல். முதலில் நம் அரசுப் பாடநூல், எட்டு ஒன்பது பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பகுதி வரைக்கும் போய்ப் பாருங்கள். விண்வெளி என்றால் இஸ்ரோ, நாசா இணையதளங்கள். பழைய பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியங்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாக இருக்கின்றன, போனில் படிக்கக் கொஞ்சம் கண் வலிக்கும். விக்கிப்பீடியாவில் பார்த்தால் கட்டுரையோடு நிறுத்தாமல் அடியில் இருக்கிற சான்றைத் தொட்டுப் பாருங்கள். வாட்ஸாப் பிடிஎஃபை யோசனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்பவர்களுக்கும் அதேதான், தப்பான தேதியைக்கூட அது தயங்காமல் சொல்லும்.

நான் விழுந்த குழிகள் இவை:

ஒரே விஷயத்துக்குப் பல தேதி. மேலே சொன்ன தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 மொழிவழி மாநிலங்கள் அமைந்து நம் எல்லை பிரிந்த நாள், கன்னியாகுமரி நம்மோடு சேர்ந்தது அன்றுதான். 1967 ஜூலை 18 அண்ணா முதல்வராக இருந்தபோது ‘தமிழ்நாடு’ என்று பெயர் மாற்றச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறிய நாள். 1969 ஜனவரி 14 அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்த நாள். 2021இல் வந்த அரசு அறிவிப்புக்குப் பிறகு ஜூலை 18ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடுகிறோம். மூன்றும் சரிதான், நான் போட்ட ‘உருவான’ என்கிற வினைதான் தப்பு. எல்லை பிரிந்தது, தீர்மானம் போட்டது, பெயர் வந்தது என்று வினையைச் சரியாகப் போட்டால் சண்டையே இல்லை. அந்தப் பையனிடம் மறுநாள் பிரேயரிலேயே ‘நீ கேட்டது சரி’ என்று சொல்லி மூன்று வரியையும் அவனையே வாசிக்க வைத்தேன்.

கடிகாரக் கோளாறு. நிலவில் மனிதன் இறங்கியது 1969 ஜூலை 20 என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கும். அமெரிக்காவில் அது 20தான். நம் நேரப்படி இறங்குகலம் தரையைத் தொட்டது 21ஆம் தேதி அதிகாலை 1.47க்கு, ஆம்ஸ்ட்ராங் காலை வைத்தது காலை 8.26க்கு. திங்கட்கிழமை. அதாவது நம் ஊர்ப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிய நேரத்தில் அங்கே ஒருவர் நிலவில் கால் வைக்கிறார். 20ஆ 21ஆ என்று குழம்புவதைவிட இதையே செய்தியாகச் சொல்லலாம். நான் 21இல்தான் சொல்கிறேன்.

நள்ளிரவுக் கோளாறு. பாரதியார் மறைந்தது 1921 செப்டம்பர் 11 என்று நாம் அனுசரிக்கிறோம், மகாகவி நாள் என்று அரசும் அந்தத் தேதியைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில், அப்படிப் பார்த்தால் 12. எட்டயபுரத்துக்காரத் தாத்தா ஒருவர் பேத்தியைக் கூப்பிட வந்த இடத்தில் போர்டைப் பார்த்துவிட்டு இதை என்னிடம் விளக்கினார், கால்மணி நேரம். எட்டயபுரம் எங்களுக்குப் பஸ்ஸில் போய்வருகிற தூரம், பாரதி விஷயத்தில் இந்தப் பக்கம் விளையாட முடியாது. இப்போது ‘11ஆம் தேதி இரவு’ என்று எழுதுகிறேன்.

ஓடும் தேதி. திருவள்ளுவர் நாள், ராஜராஜன் சதயவிழா இவையெல்லாம் நம் நாட்காட்டிப்படி வருபவை. சதயவிழா ஐப்பசி சதயத்தில் வரும், ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும். போன வருட நோட்டை அப்படியே பார்த்து எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். இந்தப் பக்கங்களின் மூலையில் சிவப்பில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

‘முதல்’ என்கிற சொல். இந்தியாவின் முதல் ரயில் 1853 ஏப்ரல் 16 பம்பாய் முதல் தாணே வரை என்று எழுதியிருந்தேன். முதல் பயணிகள் ரயில் என்றால் சரி. கருங்கல் ஏற்றிப் போக 1837இலேயே சென்னையில் செங்குன்றம் பக்கம் தண்டவாளம் போட்டாயிற்று. ‘முதல்’ என்று எழுதும்போதெல்லாம் எதில் முதல் என்று ஒரு சொல்லைக் கூடப் போடுங்கள். பம்பாய் ரயிலில் பிள்ளைகளுக்குப் பிடித்தது வேறு விஷயம். மூன்று எஞ்சின் சேர்ந்து இழுத்தது, அவற்றுக்கு சாஹிப், சிந்து, சுல்தான் என்று பெயர் வைத்திருந்தார்கள் என்றதும் எங்கள் பள்ளி வாசலில் படுத்திருந்த நாய்க்குட்டிக்கு சுல்தான் என்று பெயர் வந்துவிட்டது.

5. மூன்று வரிக்குள் கொண்டுவாருங்கள்

சரியான தேதி கிடைத்ததும் பத்து வரி எழுதக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். வரிக்கு ஏழெட்டுச் சொல், மூன்று வரி, ஒரு கேள்வி. நான்காம் வகுப்புப் பிள்ளை தடங்கல் இல்லாமல் வாசிக்க வேண்டும். என் ஜூலை 1ஆம் தேதிப் பக்கம் இப்படி இருக்கும்:

1856ஆம் ஆண்டு இதே நாள். சென்னை ராயபுரத்தில் இருந்து ஒரு ரயில் கிளம்பியது.
தென்னிந்தியாவில் மக்கள் ஏறிப்போன முதல் ரயில் அது.
வாலாஜா ரோடு வரை போனது.
கேள்வி: உங்கள் வீட்டில் முதலில் ரயிலில் போனது யார்? கேட்டு வாருங்கள்.

விடை புத்தகத்தில் இருக்கிற கேள்வியைவிட வீட்டில் கேட்டு வரவேண்டிய கேள்வி நன்றாக ஓடும். மறுநாள் ஒரு பிள்ளை, தன் ஆச்சி கல்யாணம் முடிந்த அன்றுதான் முதன்முதலில் ரயில் ஏறினாள் என்று சொல்லிற்று. அதுவும் வரலாறுதானே, நோட்டில் ஓரமாக எழுதி வைத்திருக்கிறேன்.

‘கையெழுத்தானது’, ‘பிரகடனம்’, ‘ஒப்பந்தம்’ மாதிரிச் சொற்கள் வந்தால் அந்தச் செய்தி ஐந்தாம் வகுப்புக்கு மட்டும், இல்லாவிட்டால் வேறு செய்தி.

6. வருடத்தை அடியில் அளந்து காட்டுங்கள்

1799 என்று சொன்னால் இரண்டாம் வகுப்புக்கு அது வெறும் எண். நான் கட்டபொம்மனைப் பற்றிச் சொல்லி முடித்ததும் ஒரு குட்டி, ‘டீச்சர், அப்ப நீங்க சின்னப்பிள்ளையா?’ என்றாள். சிரிப்பு வந்தாலும் அன்று வீட்டுக்குப் போய் யோசித்தேன்.

துணி காயப்போடும் நைலான் கயிறு, பத்து மீட்டர். வராந்தாவில் ஒரு முனையில் ‘இன்று’ என்று சிவப்புத் துணி கட்டுங்கள். ஒரு அடி என்றால் பத்து வருடம். எட்டு வயதுப் பிள்ளை தன் வயதை அளந்தால் ஒரு சாண் தாண்டி நிற்கும். 65 வயதுத் தாத்தா ஆறரை அடி. சுதந்திரம் எட்டு அடிக்குப் பக்கத்தில். காந்தி சட்டையைக் கழற்றியது பத்தரை அடி. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட 1799 அக்டோபர் 16 இருபத்திரண்டரை அடி தாண்டி, எங்கள் வராந்தாவின் கடைசித் தூணுக்குப் போய்விட்டது. கயத்தாறு மணிமண்டபத்தைப் பஸ்ஸிலிருந்து எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அது எவ்வளவு தூரத்துப் பழசு என்று அன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ராஜராஜனின் பெரிய கோயில் 1010. நூறு அடிக்கு மேல். கயிறு பற்றாது, நடந்து காட்டினோம், கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் போய் முடிந்தது. கீழடிக்கு 260 அடி, அது ஊர்க் கிணற்றுப் பக்கம். இப்போது எங்கள் பள்ளியில் ‘டீக்கடைக் காலம்’ என்றால் சோழர் காலம்.

இப்படி வாரத்துக்கு ஒன்று அளந்தோ நடந்தோ தொட்டோ பார்க்கிற மாதிரி இருந்தால் போதும், தினமும் செய்ய முடியாது. டிசம்பர் 17க்கு ரைட் சகோதரர்கள் இருக்கிறார்கள். 1903இல் முதல் பறத்தல் 12 விநாடி, 120 அடி. மைதானத்தில் 120 அடி அளந்து கோடு போட்டு, எல்லாரும் பன்னிரண்டு எண்ணுவதற்குள் ஒருவர் ஓடி முடிக்க வேண்டும். எல்லாருமே ஜெயிப்பார்கள். ‘நாங்க விமானத்தைவிட ஸ்பீடு’ என்று கத்துவார்கள், கத்தட்டும். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரம் என்பதால் மதியம் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 12, தண்டி யாத்திரை அன்று ஒரு கைப்பிடி கல்லுப்பு கொண்டுபோனேன். தூத்துக்குடி உப்பளத்தில் வேலைபார்க்கும் சொந்தக்காரர் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், உப்பு அள்ளியதற்கு ஏன் ஜெயில் என்று அவர்களுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு பாடவேளை ஆயிற்று.

7. கனமான நாட்கள்

ஜாலியன்வாலா பாக், தனுஷ்கோடிப் புயல், சுனாமி, காந்தி சுடப்பட்டது. இவற்றை மறைக்க வேண்டாம், பிரேயரில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்துச் சொல்லவும் வேண்டாம். எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண்ணைச் சின்ன வகுப்பில் சொல்வதே இல்லை. 1964 டிசம்பர் தனுஷ்கோடியைச் சொல்லும்போது ஊர் எப்படி இருந்தது, ரயில் நிலையம், கோயில், தேவாலயம் எல்லாம் இருந்தது, இப்போது என்ன மிச்சம் என்று சொல்வேன். ரயில் கடலுக்குள் போனதை ஒருமுறை விவரித்துவிட்டு, ராமேஸ்வரம் சுற்றுலாவுக்கு வரமாட்டேன் என்று ஒரு பிள்ளை அழுதது எனக்குப் போதும். அதே பக்கத்தில் இருக்கிற பாம்பன் ரயில் பாலத்தை 1914 பிப்ரவரி 24இல் திறந்த கதையாகவும் சொல்லலாம், 2025 ஏப்ரலில் புதுப்பாலம் வந்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். கடலோரப் பள்ளி என்றால் சுனாமி நாளைத் தொடுவதற்கு முன் எச்.எம்.மிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், எந்தக் குடும்பத்தில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கட்சித் தலைவர்களின் நாட்கள் இன்னொரு சங்கடம். அரசு அனுசரிக்கச் சொல்கிற நாளை அரசு சொன்னபடி அனுசரியுங்கள். மற்றபடி ஒருவரைச் சொல்லிவிட்டு இன்னொருவரை விட்டால் மாலையே கேட்டில் நாலு பேர் நிற்பார்கள்.

8. செலவும் காகிதமும்

பிளைவுட் துண்டு மூன்றுக்கு இரண்டு அடி வெட்டி, கரும்பலகைப் பெயிண்ட் அடித்து, கொக்கி மாட்டியது 600 ரூபாய். நோட்டு 80. கயிறும் கிளிப்பும் 90. வாரம் ஒரு கலர் பிரிண்ட் எடுத்தால் பக்கம் பத்து ரூபாய், முப்பது வாரத்துக்கு 300. ஆகமொத்தம் வருடத்துக்கு 1,070, இது எங்கள் ஊர் விலை. இரண்டாம் வருடத்திலிருந்து பலகைச் செலவு கிடையாது. லேமினேஷன் பண்ணாதீர்கள், வெயிலில் பளபளத்து ஒன்றும் தெரியாது, நான் 400 ரூபாய் அதில் விட்டேன்.

சொந்தக் காசு என்றால் எந்தக் காகிதமும் வேண்டாம். பள்ளி மானியத்தில் எடுத்தால் ரசீது, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், இருப்புப் பதிவேட்டில் பலகைக்கு ஒரு வரி, மூன்றும் வேண்டும். ரசீதைப் பள்ளி பெயரில் வாங்குங்கள். நான் என் பெயரில் வாங்கிவிட்டு மறுபடி கடைக்கு அலைந்தேன். ஊர்க்காரர் யாராவது பலகை வாங்கித் தருகிறேன் என்றால் அதற்கும் தீர்மானம் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், உபயம் என்று அவர் பெயரை எந்த அளவில் எழுதுவது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பக்கத்துப் பள்ளியில் பலகையின் மூன்றில் ஒரு பங்கு உபயதாரர் பெயர்தான், செய்தி அடியில் ஒண்டிக்கொண்டிருக்கிறது.

பிள்ளைகள் வாசிப்பதைப் படம் எடுத்து எங்கும் போடாதீர்கள். போர்டை மட்டும் எடுங்கள்.

9. ஆகஸ்டிலிருந்து பிள்ளைகள் கையில்

ஜூன், ஜூலை நீங்களே வாசியுங்கள். ஜூன் 16, 1963இல் விண்வெளிக்குப் போன முதல் பெண் வாலென்டினா தெரஷ்கோவா, ஜூன் 25, 1983இல் கபில்தேவ் அணி உலகக் கோப்பை வாங்கியது, ஜூலை 14, 2023இல் சந்திரயான்-3 கிளம்பியது என்று அந்த இரண்டு மாதமும் நல்ல செய்தியாகவே கிடைக்கும், பிள்ளைகளுக்கும் பழகிவிடும். ஆகஸ்டில் நான்காம் ஐந்தாம் வகுப்புக்கு முறை போடுங்கள், மூன்றாம் வகுப்பைத் தீபாவளிக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். முதல் நாள் மாலையே பக்கத்தைக் கொடுத்து இரண்டு தடவை வாசிக்க வையுங்கள், வருடத்தை ‘ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தாறு’ என்று வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள். எல்லாரும் திக்குவது அங்கேதான்.

ஆகஸ்ட் 23க்கு வாசிக்கத் திக்குகிற பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். சந்திரயான்-3 மாலை 6.04க்கு நிலவில் இறங்கிய செய்தி, திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் ரயில்வே பள்ளியில் படித்தவர். பெயரைச் சொன்னாலே கைதட்டல் விழும், திக்கியது யாருக்கும் கேட்காது.

மாறுதல் கலந்தாய்வில் வேறு பள்ளி கிடைத்தால் நோட்டை அங்கேயே விட்டுவிட்டு, ஜெராக்ஸ் எடுத்துப் போங்கள். ஓரத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்து கேட்டு வந்து சொன்னதெல்லாம் அந்த ஊருடையது. ஜெராக்ஸ் எடுக்கும்போது பென்சிலில் எழுதிய பக்கங்கள் மங்கலாக விழும், முதலிலிருந்தே பேனாவில் எழுதுங்கள்.